காப்பியில் ஒரு வரி அதிகம்

காப்பியில் ஒரு வரி அதிகமாக இருந்தது.

ஐரீன் முதலில் அதைத் தன் கண்ணின் கோளாறு என்றுதான் நினைத்தாள். காலையிலிருந்து ஸ்கிரீனையே முறைத்துக்கொண்டிருப்பவளுக்கு வரி கூடுவதும் குறைவதும் பெரிய அதிசயமில்லை. அசல் மாடலைத் திறந்து அடியில் இருந்த எண்ணிக்கையைப் பார்த்தாள். காப்பியைத் திறந்து பார்த்தாள். மறுபடி அசல். மறுபடி காப்பி. ஒன்றை அப்படியே நகல் எடுக்கும்போது நகலில் ஏதாவது குறையலாம், எங்கேயாவது அறுந்துபோயிருக்கலாம். கூடுவதற்கு வழியே இல்லை. அதுவும் இந்தக் காப்பியோடு அவள் இன்னும் எந்தக் கதவையும் இணைக்கவில்லை. புதிதாக எதுவும் அதற்குள் வர முடியாது.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஐப்பசி மழைக்கு மத்தியானமே சாயங்காலமாகி, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்ததால் படகு ஒன்றும் கடலுக்குப் போகவில்லை. படகு போகாவிட்டால் இறால் இல்லை, இறால் இல்லாவிட்டால் காத்திவாக்கத்திலிருந்து உரிக்க வரும் பெண்களுக்கு வேலை இல்லை. அவர்கள் காலையிலேயே திரும்பிவிட்டார்கள். கல்லறைத் திருநாள் என்று ராயபுரத்து ஆட்களில் பாதிப் பேர் லீவு. இறாலை உறைய வைத்துக் கப்பலேற்றும் அந்தப் பெரிய கட்டடத்தின் மாடியில் ஐரீன் மட்டும் இருந்தாள். கீழே பேக்கிங்கில் ஒரு சிலர், அவர்களையும் தாண்டிக் குளிர் அறைகளின் ஓயாத உறுமல். அந்தக் குளிர் தரை வழியாக ஏறி, செருப்பைத் தாண்டிப் பாதத்தைப் பிடிக்கும். இறால் ஓடும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாடை எந்த ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளேதான் இருக்கும்.

அவளும் லீவு போட்டிருக்கலாம். அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவது வருஷா வருஷம் அவள் வேலைதான். இந்த வருஷம் தம்பி ஃப்ரெடியை அனுப்பினாள். அப்பாவின் வரிசையிலேயே, ஈரம் காயாத மண்ணோடு, இன்னொரு புதுக் கல்லறை இருந்தது. அதைத் தாண்டிப் போக அவளுக்குத் தெம்பில்லை.

கம்பெனியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் கதவுகள்தான் சொல்லும். மெயின் வாசல், உடை மாற்றும் அறை, உரிக்கும் கூடம், குளிர் அறைகள், மாடிப்படி என்று எல்லா இடத்திலும் கார்டு தட்டும் கருவி உண்டு. தட்டினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், பச்சை விளக்கு. அந்தத் தட்டல்களையெல்லாம் ஆட்களின் பெயரோடு கோத்து வைத்திருப்பதுதான் ஐரீன் கட்டிய டேட்டா மாடல். முற்றத்தில் ஒரு பெரிய போர்டு இருக்கிறது. சாதாரண நாளில் அது கை கழுவச் சொல்லியும் தலைக்கு வலை மாட்டச் சொல்லியும் உபதேசம் செய்துகொண்டிருக்கும். குளிர் அறைகளை ஓட்டும் அமோனியா கசிந்து சைரன் ஊதினால் சட்டென்று மாறி ஒரே ஒரு எண்ணைக் காட்டும்: உள்ளே இருப்போர். அது பூஜ்யம் ஆகும்வரை கதவுகளை மூடக்கூடாது. பூஜ்யம் ஆனதும் மூடியே ஆக வேண்டும், கேஸ் ஊருக்குள் பரவாமல் இருக்க. நல்ல ஏற்பாடு என்று சொல்லி அவளுக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

சுதந்திர தினத்தன்று வீட்டில் உட்கார்ந்தபடியே அவள் அந்த மாடலை ஒரு காப்பி எடுத்தாள். சில மாற்றங்களை அதில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. போர்டில் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க, போர்டை அசலிலிருந்து கழற்றிக் காப்பியில் மாட்டினாள். உள்ளே இருப்போர் பூஜ்யம் என்று வந்தது. விடுமுறை நாள், சரிதான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், லேப்டாப்பை மூடிவிட்டாள். போர்டைத் திருப்பி மாட்டவில்லை. காப்பி எடுத்தால் மாடலின் உடம்புதான் வரும், தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வழக்கம் கூட வராது. அதைத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். அவள் செய்யவில்லை. ஆகவே அந்தக் காப்பிக்கு என்றைக்கும் சுதந்திர தினம்தான்.

மறுநாள் கேஸ் கசிந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். சேஃப்டி ஆபீசர் ரவிக்குமார் நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். பூஜ்யம். கதவுகளை மூடச் சொன்னார். குளிர் அறைக்குள் வால்வு பார்க்கப் போயிருந்த மெக்கானிக் சவரிநாதன் தனியாக வேலை செய்கிறவர். எங்கே ஆளைக் காணோம் என்று கேட்க அவருக்குப் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. விடிந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள்.

அன்றைக்கே ஐரீன் போர்டைத் திருப்பி அசலில் மாட்டினாள், காப்பியை அழித்தாள். பிறகு மேனேஜர் ரகுபதி கேட்டார், சவரிநாதன் கார்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே போனாரா என்று. “தட்டல சார்” என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். கம்ப்யூட்டர் தெரிந்த பெண் சொன்னதை யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அசல் மாடலில் சவரிநாதன் தட்டிய வரி பத்திரமாக இருந்தது, அவளைத் தவிர அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. குடித்துவிட்டுக் கார்டுகூடத் தட்டாமல் போய்ச் செத்தான் என்று ஊர் முடிவு கட்டியது. சவரிநாதன் பீடிகூடப் பிடிக்காதவர்.

நாளைக்கு விபத்தை விசாரிக்க வெளியிலிருந்து ஆட்கள் வந்து மாடலைத் திறந்து பார்க்கப் போகிறார்கள். ரகுபதி நேற்றுத்தான் சொன்னார், கூடவே மீஞ்சூரில் வரப்போகும் புது ஐஸ் கம்பெனிக்கு இதையே ஒரு காப்பி எடுக்கவும் சொன்னார். மீஞ்சூருக்கு ஒரு காப்பி எடுப்பவள் தனக்கும் ஒன்று எடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அதிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, அசலை அழித்து, அசலின் பெயரைக் காப்பிக்கு வைத்துவிடலாம். அதற்குப் பிறகு சவரிநாதன் கார்டு தட்டியதற்கு உலகத்தில் சாட்சி கிடையாது. அவள் சொன்ன பொய் உண்மையாகிவிடும்.

கூடுதலாக இருந்த வரியைத் தேடிப் பிடித்தாள். பட்டியலின் கடைசியில் இருந்தது.

சவரிநாதன். மெயின் வாசல். உள்ளே. இன்றைய தேதி. சற்று முன்.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நெஞ்சு திக்கென்றால் அவளுக்கு எப்போதும் முதலில் சிரிப்பு வரும், கெட்ட பழக்கம். கார்டைப் புதுப்பிக்கும்போது பழைய எண்ணை யாருக்காவது மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டாள். அப்படியானால் அது அசலிலும் வந்திருக்க வேண்டும். அசலில் வரவில்லை. அதை யோசிக்காமல் இரண்டு வரிகளையும், ஆகஸ்ட் மாதத்து வரியையும் இன்றைய வரியையும், சேர்த்து அழித்தாள்.

இன்டர்காம் அடித்தது. கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கும் கெங்கம்மாவின் குரல், மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு.

“ஐரீன்மா, அந்த சவரிநாதன் சம்சாரம் வந்துகீது. உன்னாண்டதான் பேசணுமாம். தொப்பலா நனைஞ்சுகினு நிக்குது.”

“என்கிட்டயா? நான் வேலையா இருக்கேனே...”

“இரு, அதாண்டயே குடுக்கிறேன்.”

போனை வாங்கிக்கொண்ட மூச்சு கேட்டது. சாண்ட்ராவின் மூச்சு அவளுக்குத் தெரியும். கோயில் பாடற்குழுவில் பக்கத்தில் நின்று பாடியவள்.

“அக்கா, நான்தான். கல்லறைக்குப் போயிட்டு நேரா வரேன். அங்க இன்னா பேச்சு தெரியுமாக்கா? அவரு கல்லறையாண்டயே நின்னுகினு பேசறாங்க, குடிகாரனுக்குப் பூவு ஒரு கேடான்னு. எனக்கு எதுவும் வோணாம்க்கா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு கார்டு தட்டாமலா போனாரு?”

ஐரீன் போன் வயரை விரலில் சுற்றினாள்.

“எவன் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். நீங்க சொன்னா நம்பறேன். பூசையில வாசகம் வாசிக்கிறவங்க நீங்க, பொய் சொல்லமாட்டீங்க.”

“வேலைய முடிச்சிட்டு வரேன் சாண்ட்ரா. கொஞ்ச நேரம். கெங்கம்மா ரூம்ல உக்காரு.”

“நிக்கிறேன்க்கா. நீங்க வாங்க.”

ரிசீவரை வைத்துவிட்டு ஐரீன் இரண்டு கையையும் முகத்தில் அழுத்திக்கொண்டாள். கைகள் சில்லென்று இருந்தன. இப்போதே கீழே இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம். சாண்ட்ரா, அவர் தட்டினார், நான்தான் மறந்தேன், நான்தான் பொய் சொன்னேன். நான்கு வாக்கியம்கூட இல்லை. வேலை போகும், போலீஸ் வரும், அதெல்லாம்கூட அவளை அவ்வளவு பயமுறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் உட்காரும் பெஞ்சில் யாரும் வந்து உட்காரமாட்டார்கள் என்பதுதான் பயமாக இருந்தது. அம்மா அந்தக் காலி பெஞ்சில் தலையில் முக்காட்டோடு குனிந்து உட்கார்ந்திருப்பாள். வேண்டாம். செத்தவர் செத்துவிட்டார். இருக்கிறவர்கள் இருக்க வேண்டும். இப்படி நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் ஸ்கிரீன் பக்கம் திரும்பினாள்.

ஒரு வரி அதிகமாக இருந்தது.

சவரிநாதன். உடை மாற்றும் அறை. உள்ளே.

காப்பியின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் துண்டித்தபடியே இருந்தன. அசலைத் திறந்தாள், அதில் பேக்கிங் ஆட்கள் டீ குடிக்கப் போனதும் வந்ததும் ஒழுங்காகப் பதிந்திருந்தன, வேறு ஒன்றுமில்லை. அசலுக்கு எதுவும் தெரியவில்லை. காப்பிக்குத்தான் தெரிந்தது.

அப்போது கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. டிக்.

அது ஒன்றும் புதிய சத்தம் அல்ல. நாள் முழுக்கக் கேட்கிற சத்தம், கேட்டுக் கேட்டு காதுக்கே தெரியாமல் போன சத்தம். இன்றைக்கு உரிக்கும் கூடத்தில் ஆள் இல்லை. காலியான மேசைகள், கழுவிவிட்ட சிமென்ட் தரை, சுவரோரமாக அடுக்கி வைத்த நீலக் கூடைகள், அவற்றின் அடியில் சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர். அந்த வெறுமைக்கு நடுவிலிருந்து, குளிர் அறைகளின் உறுமலையும் மழையையும் தாண்டி, நிதானமாக, மரியாதையாக ஒரு தட்டல். எந்த அவசரத்திலும் கார்டைத் தட்டிவிட்டு, பச்சை விளக்கு வந்ததா என்று ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போகிறவர் ஒருவர் இருந்தார். மற்ற மெக்கானிக்குகள் அதற்கு அவரைக் கேலி செய்வார்கள். “இன்னா அண்ணாத்தே, மெஷினுக்கு ஸ்தோத்திரம் சொல்றியா?” என்பார்கள்.

புதிய வரி: உரிக்கும் கூடம். உள்ளே.

அழித்தாள். வந்தது. அழித்தாள். வந்தது. வரியை அழித்துப் பயனில்லை என்று புரிந்தது. ஆளையே அழிக்க வேண்டும். மாடலில் ஆட்களின் பெயர்கள் தனியாக ஒரு டேபிளில் இருக்கும், தட்டல்கள் எல்லாம் அதிலிருந்துதான் பெயரை எடுத்துக்கொள்ளும். அந்த டேபிளில் சவரிநாதன் என்ற பெயரைத் தேடினாள். சுட்டியை அதன் மேல் வைத்தாள். சென்ற கிறிஸ்மஸுக்கு அவர் கேக் கொண்டுவந்து கொடுத்தது, அப்பா இறந்தபோது சவப்பெட்டியின் ஒரு முனையைத் தூக்கியது எல்லாம் ஞாபகம் வந்தது.

“மன்னிச்சிடுங்கண்ணே” என்று சத்தமாகவே சொல்லிவிட்டு அழித்தாள்.

பெயர் போயிற்று. வரி போகவில்லை. பெயர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. வெற்றிடம். குளிர் அறை. உள்ளே.

மாடல் அப்படித்தான் செய்யும். பெயரை அழித்தால் ஆள் நின்றுபோவதில்லை, யாரென்று சொல்ல முடியாத ஒருவனாக உள்ளே இருந்துகொண்டிருப்பான். மாடல் கட்டக் கற்றுக்கொண்டபோது அவள் முதல் வாரம் படித்த பாடம் இது. அதைத் தனக்குத் தானே எத்தனை முறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வெகுநேரம் வரி நகரவில்லை. குளிர் அறையிலேயே நின்றது. ஐரீன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது, சாலையில் ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது, மேசையடியில் குளிர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. அந்தக் குளிரோடு வேறொரு வாடையும் வந்தது. மெலிதாக, மூக்கின் உள்பக்கத்தை ஊசியால் தொடுவதுபோல. அமோனியா. ஐஸ் கம்பெனியில் அந்த வாடை இல்லாத நாள் இல்லை என்று சொல்லிக்கொண்டாள்.

டிக்.

வெற்றிடம். மாடிப்படி. உள்ளே.

போதும். இதற்கும் ஒரு வழி உண்டு. வெற்றிடங்களை மறை என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பெயரில்லாதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள், கண்ணிலும் படமாட்டார்கள். அழுத்தினாள். ஸ்கிரீன் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. பட்டியல் சுத்தமாக இருந்தது.

இனி அசல். அழிக்கவா என்று கேட்டது, அழித்தால் திரும்ப வராது என்று எச்சரித்தது. கீழே மழையில் நிற்கிறவளை நினைத்தாள். நினைத்துக்கொண்டேதான் அழுத்தினாள். காப்பிக்கு அசலின் பெயரை வைத்தாள், கதவுகளை இணைத்தாள், போர்டை இணைத்தாள். எல்லாம் முடிந்ததும் உடம்பெல்லாம் வேர்த்து, அந்தக் குளிரில் வேர்வை அப்படியே தோலில் ஒட்டிக்கொண்டது. தப்பித்துவிட்டேன் என்று தோன்றவில்லை. ஏதோ ஒன்றை வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது. சாத்தியது சரியான பக்கம்தானா என்று தெரியவில்லை.

சைரன் ஊதியது.

நாற்காலி சாய எழுந்தாள். வாடை இப்போது மெலிதாக இல்லை, கண்ணைக் கரித்தது. துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடிக் கார்டைத் தட்டினாள். சிவப்பு. துடைத்துவிட்டுத் தட்டினாள். சிவப்பு. கருவியின் சின்னத் திரையில் எழுத்து ஓடியது: ஏற்கெனவே வெளியேறியவர்.

“திற! ஐயோ, திற!”

தோளால் இடித்தாள். கதவு அசையவில்லை. மேசைக்கு ஓடி வந்து இன்டர்காமை எடுத்தாள்.

“கெங்கம்மா! நான் மேல இருக்கேன்! கதவு திறக்கல!”

“யாரு? அலோ?” கெங்கம்மா யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது. “சார், மேல ஆபீஸ்லேந்து அடிக்குது. ஆனா யாரும் பேசல. காத்து மாதிரி இன்னாவோ கேக்குது.”

“மேல யாரும் இல்லம்மா. போர்டைப் பாரு, பூஜ்யம்” என்றது ரவிக்குமாரின் குரல். “கதவெல்லாம் மூடச் சொல்லியாச்சு.”

“அப்போ ஐரீன்மா?”

“அதோ நிக்கிறாங்களே.”

“ஆமா. இங்கதான் கீது. கண்ணு அவிஞ்சுபோச்சு எனக்கு.”

இணைப்பு அறுந்தது.

கீழே கனமான கதவுகள் ஒவ்வொன்றாக விழுந்து மூடின. ஒவ்வொன்றுக்கும் தரை அதிர்ந்தது.

ஐரீன் ஜன்னலுக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம்.

முற்றத்தில் விளக்குகள் எரிந்தன. மழையில் பேக்கிங் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு மேலே போர்டு. உள்ளே இருப்போர்: பூஜ்யம். வரிசையின் ஓரத்தில் மஞ்சள் சுடிதாரில் ஒரு பெண். கழுத்தில் கார்டு. நெற்றியில் விழுந்த முடியை இடது கையால் ஒதுக்கிவிட்டாள். ரவிக்குமார் பெயரைக் கூப்பிட்டார் போல, கையைத் தூக்கினாள்.

ஐரீன் குனிந்து தன் உடையைப் பார்த்தாள். மஞ்சள்.

ஸ்கிரீனுக்குத் திரும்பினாள். பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஐரீன். மெயின் வாசல். வெளியே. மறைத்த வெற்றிடங்களைத் திறந்தாள். பெயரில்லாத வரிகள் இரண்டு இருந்தன. இரண்டும் மாடி ஆபீஸ். இரண்டும் உள்ளே.

முதுகுக்குப் பின்னால் குளிர்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஜன்னலையே பார்த்தாள்.

முற்றத்தில் மஞ்சள் சுடிதார்க்காரி வரிசையை விட்டு நடந்தாள். கேட் அருகே கெங்கம்மாவிடமிருந்து செல்போனை வாங்கிக்கொண்டாள். உள்ளே வருகிறவர்கள் காலையில் அங்கே கொடுத்துவிட்டு வர வேண்டிய செல்போன். ஐரீனின் செல்போன். பிறகு சாண்ட்ராவிடம் போனாள். சாண்ட்ரா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எதையோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று ஐரீனுக்குத் தெரியும்.

“சாண்ட்ரா!”

கண்ணாடியில் அறைந்தாள்.

“தட்டினாரு! சாண்ட்ரா, அவரு தட்டினாரு! நான்தான்... நான்தான்...”

இத்தனை மாதம் வாயில் வராத வார்த்தை இப்போது தானாகக் கொட்டியது. கொட்டியதெல்லாம் இருமலாகியது. தொண்டை எரிந்தது. கீழே இருந்தவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். இல்லை என்று. தட்டல, சாண்ட்ரா. அவ்வளவு கனிவாக, அவ்வளவு வருத்தமாக, பூசையில் வாசகம் வாசிக்கிறவள் ஆட்டுகிற மாதிரியே ஆட்டினாள்.

சாண்ட்ரா அவள் கைகளை விட்டாள். ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். மற்றவள் குனிந்து அவளை அணைத்துக்கொண்டாள், முதுகைத் தடவிக்கொடுத்தாள், நெற்றியில் சிலுவை போட்டாள். தூக்கி நிறுத்தி, குடையை விரித்து அதற்குள் இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடத்திக்கொண்டு போனாள். வீட்டுக்கு. கோயிலுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு.

ஐரீன் கண்ணாடியில் அறைந்துகொண்டே இருந்தாள். சத்தம் வரவில்லை. பக்கத்தில் கண்ணாடி பனி படர்ந்து வெளுத்தது, யாரோ மிக நெருங்கி நின்று மூச்சு விடுகிற உயரத்தில். நீல யூனிஃபார்மின் கை ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு முன்னால் வந்தது. தோல் உரிந்துபோன உள்ளங்கை. அது அவளைத் தொடவில்லை. கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. குடைக்கடியில் தள்ளாடிப் போகும் தன் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இதற்குப் பழகிப்போனவரைப் போல, நிதானமாகக் கண்ணாடியில் அடிக்கத் தொடங்கினார்.

கீழே ரவிக்குமார் போர்டை இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முற்றத்து விளக்குகளை அணைக்கச் சொன்னார்.